மேசை தூக்கிய கைகளும் மாறிப்போன பெயர்களும்

பெண்கள் பள்ளியில் படித்தவள் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "அப்படியானால் பிறகு ஆண்களோடு பழகச் சிரமமாக இருந்திருக்குமே?" என்பதுதான். சிரமமாகத்தான் இருந்தது, ஆனால் அவர்கள் நினைக்கும் காரணத்தால் அன்று. பேசுவதில் எனக்குக் கூச்சம் இருக்கவில்லை. எந்தெந்த வேலை பெண்ணுக்குரியதல்ல என்ற பட்டியல்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது. இருபாலரும் படிக்கும் கல்லூரியில் முதல் விழாவுக்காக மேசையைத் தூக்கப் போனவளை நிறுத்தி, "நீ விடு, பசங்க பார்த்துப்பாங்க" என்று சொல்லி, வரவேற்பு மேசையில் உட்காரவைத்தார்கள். ஏழு ஆண்டுகள் மேசை தூக்கிப் பழகிய கைகளுக்கு அன்று முழுதும் வேலையே இல்லை.

பள்ளியில் அப்படிப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் கிடையாது. மேடைக்குப் பெஞ்சுகளை அடுக்கியதும், ஏணியில் ஏறித் திரைச்சீலை கட்டியதும், ஆய்வகத்தில் முதல் ஆளாகப் பன்சன் அடுப்பைப் பற்றவைத்ததும் நாங்கள்தான். அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது, கெட்ட பங்குகளும் எங்களுக்கே இருந்தன என்பது. கணக்கில் மேதை, வகுப்பின் கோமாளி, கடைசிப் பெஞ்சின் முரடு, பொய் சொல்லித் தப்பிப்பவள், தலைமைப் பதவிக்கு அலைபவள் என எல்லாருமே பெண்கள். எங்கள் அணித் தலைவி ஒருத்தி விளையாட்டு விழாவில் செய்த குளறுபடியால் அந்த ஆண்டு எங்களுக்குக் கடைசி இடம் கிடைத்தது. அவள் அழுதாள்; நாங்கள் திட்டினோம்; திங்கட்கிழமை வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். பெண்களுக்கே தலைமைப் பண்பு வராது என்று அன்று யாரும் சொல்லவில்லை, ஏனெனில் அவளுக்குப் பதிலாக நின்றவளும் பெண்தான். ஒருத்தியின் தோல்வி ஒருத்தியின் தோல்வியாக மட்டும் நின்றுவிடுகிற இடத்தில் வளர்வது எவ்வளவு பெரிய கொடை என்பதை, ஒரு பெண்ணின் தவறு எல்லாப் பெண்களின் கணக்கிலும் எழுதப்படுகிற அலுவலகங்களைப் பார்த்த பிறகே உணர்ந்தேன்.

பெண்கள் பள்ளியைப் புகழ்வோர் வழக்கமாக எடுத்துக்காட்டும் மதிப்பெண் கணக்கை நான் நம்புவதில்லை. 21 நாடுகளைச் சேர்ந்த 16 லட்சம் மாணவர்களைப் பற்றிய 184 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, குடும்பப் பின்னணி போன்றவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் தனிப்பால் பள்ளிக்கும் இருபாலர் பள்ளிக்கும் இடையே படிப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே கண்டது. தேர்ந்தெடுத்துச் சேர்த்த பிள்ளைகள் நன்றாக எழுதுவதில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய சிறிய ஆய்வு ஒன்று உண்டு. அலிசன் பூத், பேட்ரிக் நோலன் என்ற இரு பொருளியலாளர்கள் இங்கிலாந்துப் பள்ளி மாணவர்களிடம் நடத்திய அந்தச் சோதனையில், உறுதியாகக் கிடைக்கும் சிறிய தொகையா, கூடவோ குறையவோ செய்யக்கூடிய பந்தயமா என்று கேட்கப்பட்டது. பெண்கள் பள்ளி மாணவியர் ஆண்களுக்கு இணையாகப் பந்தயத்தைத் தேர்ந்தெடுத்தனர். இருபாலர் பள்ளி மாணவியர் அவ்வளவு துணியவில்லை. ஒரே சோதனையை வைத்து உலகத்தை அளக்க மாட்டேன். ஆனால் மேசை தூக்கிய அனுபவத்துக்கு அது அருகில் வருகிறது.

இதை எழுதும்போதே மனசாட்சி ஒன்றை நினைவூட்டுகிறது. எல்லாப் பெண்கள் பள்ளிகளும் இப்படி இருப்பதில்லை. காவல் காப்பதற்காக எழுப்பிய சுவருக்கும், உள்ளே சுதந்திரமாக இருப்பதற்காக எழுப்பிய சுவருக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எங்கள் பள்ளியிலேயே இரண்டும் இருந்தன. விவாத மேடையில் எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுத்த அதே கட்டடத்தின் தாழ்வாரத்தில், உரக்கச் சிரித்ததற்காக அரை மணி நேரம் நின்றிருக்கிறேன்.

பள்ளி தரும் நட்பு வலைக்கு வருகிறேன். பழைய மாணவியர் ஒருவருக்கொருவர் கைகொடுப்பதை இந்தக் காலத்து நாகரிகம் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆனால் அது பழைய வழக்கம். லண்டனில் 1848-இல் தொடங்கிய குயின்ஸ் கல்லூரியின் வகுப்புகளில் படித்தவர்கள் பிரான்சஸ் மேரி பஸ், டோரத்தியா பீல் என்ற இருவர். முன்னவர் 1850-இல் வட லண்டனில் ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். பின்னவர் 1858 முதல் 1906-இல் இறக்கும்வரை செல்ட்டனம் மகளிர் கல்லூரியை நடத்தினார். 1863-இல் கேம்பிரிட்ஜின் பள்ளித் தேர்வுகள் சோதனை முறையில் பெண்களுக்குத் திறக்கப்பட்டபோது, தன் மாணவியரை அனுப்பி அந்தச் சோதனையை வெற்றியாக்கியவர்களுள் பஸ் ஒருவர். 1874-இல் தலைமையாசிரியைகளுக்கென்று ஒரு சங்கமும் உருவாயிற்று. அதே கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கியது 1948-இல்தான் என்பதையும் சேர்த்துப் படித்தால், உரிமை கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே அறிமுகங்கள் வேலை செய்யத் தொடங்கிவிட்டன என்பது விளங்கும்.

கல்கத்தாவில் 1849-இல் தோன்றிய பெத்யூன் பள்ளியிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1886-இல் அதிலிருந்து வளர்ந்த பெத்யூன் கல்லூரியில் பட்டம் பெற்ற கவிஞர் காமினி ராய்க்குப் பெண்ணுரிமைச் சிந்தனையை ஊட்டியவர் உடன் படித்த அபலா போஸ். பின்னாளில் அபலா பெண்கல்விக்கு அமைப்பு கண்டார். காமினி பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடினார். 1925-இல் வங்காளத்தில் பெண்களுக்கு வரையறைக்குட்பட்ட வாக்குரிமை கிடைத்தது. படித்த காலத்தில் அவர்கள் ராயும் அல்லர், போஸும் அல்லர். காமினி சென்னும் அபலா தாஸும்.

பெண்களின் நட்பு வலை அறுபடுகிற இடம் இதுதான் என்பது என் எண்ணம். ஆண்கள் பள்ளியின் பழைய மாணவர் பட்டியலில் நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய பெயரைத் தேடினால் ஆள் கிடைத்துவிடுவார். எங்கள் பட்டியலில் பாதிப் பெயர்கள் இன்று யாருடையவையும் அல்ல. திருமணத்தோடு பெயரின் ஒரு பகுதி மாறுகிறது, பிறகு ஊர் மாறுகிறது, வேலை நிற்கிறது, தொலைபேசி எண் மாறுகிறது. முகநூலில் தேடினால் வருவது முன்பின் அறியாத வேறு பெண்கள். பள்ளிக்காலப் பெயரையும் இன்றைய பெயரையும் சேர்த்தெழுதும் ஒரு பதிவேட்டை ஒவ்வொரு பள்ளியும் வைத்திருந்தாலே எத்தனையோ பேர் மீண்டு வருவார்கள். செலவில்லாத வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை.

அந்த வலையால் என்ன பயன் என்பதற்கு என்னிடம் இருப்பது என் கதைதான். குழந்தைகளுக்காக ஆறு ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு வேலை தேடியபோது, நான் அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை. என் நெருங்கிய தோழிகள் ஆறுதல் சொன்னார்கள். வேலை வாங்கிக்கொடுக்கும் நிலையில் அவர்களில் யாரும் இல்லை. கைகொடுத்தவள் என்னைவிட நான்கு வகுப்பு கீழே படித்த, நான் முகம் மறந்துவிட்ட ஒருத்தி. "அக்கா, நீங்கதானே பள்ளி மலரை ஒத்த ஆளா திருத்தி முடிச்சீங்க?" என்று தொலைபேசியில் கேட்டாள். தன் மேலாளரிடம் அவள் சொன்ன பரிந்துரையும் அந்த ஒரு வரிதான். சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் இதைத்தான் எழுதினார்: அறிமுகங்கள் வழியாக வேலை பெற்றவர்களில் அந்த அறிமுகக்காரரை அடிக்கடி சந்தித்தவர்கள் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரே, எஞ்சியோர் எப்போதாவதோ அரிதாகவோ சந்தித்தவர்கள். நெருங்கியவர்கள் நமக்குத் தெரிந்ததையே தெரிந்து வைத்திருப்பார்கள், தள்ளி நிற்பவர்களிடமிருந்தே புதிய செய்தி வரும் என்பது அவருடைய விளக்கம்.

இருந்தும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் காலை வணக்கம் வருகிறது, பிறந்தநாள் வாழ்த்து வருகிறது, "என் மகளுக்குப் பயிற்சி வேலை வேண்டும், யாராவது உதவ முடியுமா?" என்று ஒருத்தி கேட்டால் மட்டும் ஏதோ அத்துமீறியதைப் போல மௌனம் விழுகிறது. நட்பைப் பயன்படுத்துவது இழுக்கு என்று எங்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆண்கள் இதே செயலைத் தலைமுறைகளாகச் செய்து, அதைப் பழக்கவழக்கம் என்று பெயரிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பெரிய பள்ளியில் படித்தவளுக்குக் கிடைக்கும் இந்த வாசல் மற்றவளுக்கு அடைபடுகிறது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. அதனால்தான் எங்கள் குழுவில் வரும் வேலை அறிவிப்புகளைப் பொதுவில் பகிரவும் வேண்டும் என்று வாதாடி, சிலரின் கோபத்தைச் சம்பாதித்திருக்கிறேன்.

சென்ற மாதம் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து வகுப்பின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்தோம். பழைய பதிவேடு எதுவும் கையில் இல்லை. ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு, ஆசிரியை வருகை எடுத்த அதே வரிசையில், அன்றைய பெயர்களாக 43-ஐயும் ஒப்பித்தாள். முப்பத்தொரு பேரின் இன்றைய பெயரும் எண்ணும் கிடைத்துவிட்டன. விளையாட்டு விழாவில் எங்களைக் கடைசி இடத்துக்குக் கொண்டுபோன அந்த அணித் தலைவி பதினேழாம் எண். அவளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.