ஆப்ப சோடாவும் வினிகரும் கலந்தால் உப்புக்கறை போகுமா?

"ஆப்ப சோடா, வினிகர் இரண்டையும் சரிபாதி கலந்து பாட்டிலில் மூடி வையுங்கள், போர் தண்ணீர்க் கறை முழுக்கப் போய்விடும்" என்ற வாட்ஸ்அப் தகவல் மண்டபம், கீழக்கரை பக்கம் சுற்றுகிறது.

தவறு. வினிகர் அமிலம், சோடா காரம். சேர்ந்தால் ஒன்றையொன்று முறித்துவிடும். பொங்கும் நுரை கரியமில வாயு. மிஞ்சுவது தண்ணீரும் கொஞ்சம் சோடியம் அசிடேட் என்ற உப்பும் முறியாத சோடாவும்தான். காசுக்குத்தான் கேடு. இறுக மூடினால் பாட்டில் வெடிக்கவும் செய்யலாம்.

வாளியிலும் குழாயிலும் படியும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைக் கரைக்க அமிலம் வேண்டும். வினிகரைத் தனியாக ஊற்றி, அரைமணி நேரம் ஊறவிட்டுத் தேயுங்கள். அதுகூட எதற்கு? குழம்புக்குக் கரைத்த புளிச்சக்கை இருக்கிறதே. அப்பத்தா பித்தளைக் குடம் விளக்கியது அதில்தான். மீன் பொரித்த சட்டிக்குக் கணக்கு வேறு. எண்ணெய்ப் பிசுக்குக்குக் காரம் வேண்டும், சலித்த விறகுச் சாம்பல் போதும். அலுமினியத்துக்கு மட்டும் சாம்பல் வேண்டாம், கறுத்துவிடும்.

அப்புறம், அதே தகவல் "பளிச்சென்று வர" பிளீச்சிங் பவுடரும் சேர்க்கச் சொல்கிறது. இதுதான் ஆபத்து. வினிகரோ புளியோ அதோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அடைத்த குளியலறையில் மூச்சு திணறும். தெரியாமல் கலந்துவிட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.