அருங்காட்சியகத்தில் ஐரிஷ் கடைசி நாள் வேலையாக இருக்கும் வரை பிழை தீராது

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் உள்ள தேசிய ஓவியக்கூடத்தின் ஐரிஷ் மொழிப் பெயரும், கில்மேனத்தின் பழைய ராயல் ஹாஸ்பிட்டல் கட்டடத்தில் 1991 முதல் இயங்கும் நவீன கலை அருங்காட்சியகத்தின் ஐரிஷ் பெயரும் ஒரே மாதிரிதான் முடியும்: 'நா ஹேரன்', அதாவது 'அயர்லாந்தின்'. ரோமன் எழுத்தில் அந்த 'எச்' எப்போதும் சின்ன எழுத்து. அதை ஒட்டி வரும் 'இ' பெரிய எழுத்து, தலையில் சாய்கோடும் உண்டு. போஸ்டர் வடிவமைப்பவர் மொத்த வரியையும் தேர்ந்தெடுத்து 'ஆல் கேப்ஸ்' (எல்லாமே பெரிய எழுத்து) அழுத்தினால் போதும், 'எச்' பெரிதாகிவிடும். வரி இடைவெளி நெருக்கமாக இருந்தால் சாய்கோடு மேல்வரியில் முட்டும், இல்லையென்றால் பாதி வெட்டுப்படும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு எதுவும் உறுத்தாது. ஐரிஷ் வழியில் படிக்கிற பிள்ளை வாசலிலேயே கண்டுபிடித்துவிடும்: நிறுவனத்தின் சொந்தப் பெயரிலேயே பிழை.

இந்த மாதிரிப் பிழைகளை மொழிபெயர்ப்பாளர் தலையில் கட்டுவதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அருங்காட்சியகங்களில் ஐரிஷ் கெடுவது பெரும்பாலும் வேலை நடக்கும் வரிசையால்தான். ஆங்கில வாசகத்தை எழுதி, கண்காட்சியைத் தொகுக்கும் காப்பாளர் திருத்தி, இயக்குநர் பார்த்து, வடிவமைப்பும் முடிந்து, அச்சகத்துக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது 'இதுக்கு ஐரிஷ் மட்டும் போட்டுக் கொடுங்க' என்று ஒரு மின்னஞ்சல் போகும். அப்போது வரும் ஐரிஷுக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை, சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆளும் இல்லை.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் அலுவல் மொழிகள் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த விதிகளின்படி, அரசு சார்ந்த நிறுவனம் வைக்கும் அறிவிப்புப் பலகைகளில் ஐரிஷ் முதலில் வர வேண்டும். அதன் எழுத்து ஆங்கிலத்தைவிடச் சிறியதாகவோ மங்கலாகவோ இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே தகவலைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சுருக்காத சொல்லை ஐரிஷில் சுருக்கக் கூடாது. எழுத்தைக் குறைப்பது, சாம்பல் நிறத்தில் ஒதுக்குவது, சொல்லை வெட்டுவது என இடமில்லாதபோது வடிவமைப்பாளர்கள் கையாளும் மூன்று வழிகளையும் இந்த விதிகள் அடைத்துவிடுகின்றன. மிச்சம் இருப்பது ஒரே வழி: ஆங்கிலத்தைக் குறைப்பது. அதற்குத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை.

ஓவியத்தின் பக்கத்தில் ஒட்டும் குறிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரிஷ் வாசகம் பொதுவாக ஆங்கிலத்தைவிட நீளும். ஐந்தில் ஒரு பங்கு இடமாவது கூடுதலாக ஒதுக்கிவிடுவது நல்லது. ஆங்கிலம் 100 சொல் என்றால் அட்டை கொள்ளாது. ஆங்கிலத்தை 60 சொல்லுக்குள் அடக்கச் சொல்லி முதல் கூட்டத்திலேயே காப்பாளரிடம் பேசிவிட வேண்டும். நின்றுகொண்டு படிக்கிற எவரும் 100 சொல் படிப்பதில்லை என்பது வேறு விஷயம். ஐரிஷ் இருப்பதால் குறிப்புகள் சுருங்கித் தெளிவாகின்றன என்றால் அது ஆங்கில வாசகருக்கும் லாபம்தானே.

மொழிபெயர்ப்புக்கு அனுப்பும்போது வாசகத்தை மட்டும் அனுப்புவது இன்னொரு பெரிய தப்பு. படத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஐரிஷில் புல், இலை போன்ற இயற்கையான பச்சைக்கு 'க்லாஸ்'. சாயம் ஏற்றிய துணியின் பச்சைக்கு, வண்ணக் குழம்பின் பச்சைக்கு 'ஊனியா'. ஆங்கிலக் குறிப்பில் 'கிரீன்' என்று மட்டும் இருந்தால் அது மலைச்சரிவா மேலங்கியா என்று படத்தைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? படம், ஓவியத்தின் அளவு, அது எந்த ஊடகம், ஓவியர் ஆணா பெண்ணா, தலைப்பு ஓவியரே வைத்ததா பின்னால் வந்ததா என்பதை எல்லாம் ஒரே தாளில் கொடுத்துவிட்டால் பாதிக் கேள்விகள் வராது. உயிரோடு இருக்கும் கலைஞரின் தலைப்பை அவரைக் கேட்காமல் மொழிபெயர்க்கவும் கூடாது.

மொழிபெயர்ப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். ஐரிஷ் மொழியை வளர்க்கும் அமைப்பான ஃபோரஸ் நா கேல்கே வழங்கும் தகுதி முத்திரை உள்ளவர்களிடம் கொடுத்தாலும் இது வேண்டும். கலைச்சொற்களுக்குத் 'தேர்மா' என்ற தேசியக் கலைச்சொல் தளம் இருக்கிறது. ஆனால் ஒரு கண்காட்சிக்குள் ஒரே கருத்துக்கு மூன்று அறையில் மூன்று சொல் வராமல் பார்த்துக்கொள்ளும் பட்டியலை நிறுவனமேதான் வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வடிவமைப்பு முடிந்த பிடிஎஃபை ஐரிஷ் தெரிந்த கண் மறுபடி ஒருமுறை பார்ப்பது. காரணம், பிழைகள் வேர்ட் கோப்பில் இருக்காது, அங்கிருந்து எடுத்து ஒட்டும்போதுதான் முளைக்கும். 'கலைஞர்' என்பதற்கான சொல்லின் முன்னால் சில இடங்களில் ஒரு 'டி'யும் இணைப்புக்கோடும் சேரும். அந்தக் கோட்டில் வரி உடைந்தால் 'டி' தனியாக மேல்வரியின் கடைசியில் தொங்கும். உடையாத இணைப்புக்கோடு போட்டால் சரியாகிவிடும், பத்து விநாடி வேலை. அதே சொல் பெரிய எழுத்தில் தொடங்கினால் இணைப்புக்கோடே கிடையாது, சின்ன 'டி' நேராக ஒட்டிக்கொள்ளும். இணையதளத்தில், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் வழியாக எல்லாவற்றையும் கேப்பிட்டல் ஆக்கினாலும் இதே சிக்கல்தான். பக்கம் ஐரிஷில் இருக்கிறது என்று உலாவிக்குச் சொல்லும் மொழிக்குறி கொடுத்திருந்தால் ஃபயர்பாக்ஸ் இந்தச் சின்ன எழுத்துகளைக் காப்பாற்றும். மற்ற உலாவிகளை நம்ப வேண்டாம், அந்த அலங்காரத்தையே விட்டுவிடலாம். மொழிக்குறி வேறு ஒரு காரணத்துக்கும் அவசியம்: அது இல்லாவிட்டால் பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் ஐரிஷை ஆங்கில உச்சரிப்பில் கடித்துத் துப்பும்.

டிக்கெட் மென்பொருள் தனிக் கதை. ஆங்கிலத்துக்கு ஒருமை, பன்மை என இரண்டு வடிவம் போதும். ஐரிஷ் எண்ணுக்கு யூனிகோடின் மொழித் தரவே ஐந்து வகை வைத்திருக்கிறது: 1, 2, 3 முதல் 6, 7 முதல் 10, மற்றவை. எண்ணுக்குப் பின் பெயர்ச்சொல் பொதுவாக ஒருமையிலேயே நிற்கும், ஆனால் அதன் தலை மாறும். படம் என்பது 'பிக்ட்யூர்'. மூன்று என்றால் 'ஃபிக்ட்யூர்'. ஏழு என்றால் முதல் ஒலி, நம் 'பம்பரம்' என்ற சொல்லின் இரண்டாவது 'ப' போல ஆகிவிடும். இருபது என்றால் பழையபடி 'பிக்ட்யூர்'. எண்ணையும் சொல்லையும் தனித்தனியாக எடுத்து ஒட்டும் மென்பொருளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு, 'டிக்கெட் எண்ணிக்கை: 7' என்ற அமைப்பில் ஐரிஷில் எழுதிவிடுவது. எண் எதுவானாலும் சொல் அசையாது. கூடவே ரசீது அச்சிடும் இயந்திரத்தையும் சோதிக்க வேண்டும். உயிரெழுத்தின் மேல் வரும் 'ஃபாடா' என்ற சாய்கோட்டுக்குப் பதில் கேள்விக்குறி அச்சாகும் பழைய இயந்திரங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. 'ஷான்' என்ற பெயரில் அந்தக் கோடு விழுந்துவிட்டால் வந்தவரைக் 'கிழம்' என்று அழைத்த மாதிரி ஆகும்.

மின்னஞ்சலிலும் இதே கதைதான். பொதுமக்களுக்குத் தகவல் சொல்லி மொத்தமாக அனுப்பும் மடல் ஐரிஷில் மட்டுமோ இருமொழியிலோ இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆங்கில மடலில் பெயரை ஒரு கட்டத்திலிருந்து இழுத்து 'டியர்' பக்கத்தில் ஒட்டிவிடலாம். ஐரிஷில் கூப்பிடும்போது பெயரே மாறும். கண்ணன் 'கண்ணா' ஆவதுபோல, ஷான் 'அ ஹ்யான்' ஆகிவிடுவார். நமக்கு விளி வேற்றுமை தெரிந்த சங்கதி, மென்பொருளுக்குத் தெரியாது. பெயரை விட்டுவிட்டு 'அ ஹாரா' (நண்பரே) என்று தொடங்கினால் போதும். அயர்லாந்தின் அரசுக் கடிதங்களே அப்படித்தான் தொடங்குகின்றன, யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை.

விளம்பரத்துக்கு வருவோம். அலுவல் மொழிகள் சட்டத்துக்கு 2021இல் வந்த திருத்தத்தின் விளம்பரப் பிரிவு 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அரசு சார்ந்த நிறுவனம் ஓர் ஆண்டில் வெளியிடும் விளம்பரங்களில் குறைந்தது 20 சதவீதம் ஐரிஷில் இருக்க வேண்டும். விளம்பரச் செலவில் குறைந்தது 5 சதவீதம் ஐரிஷ் மொழி ஊடகங்களுக்குப் போக வேண்டும். இரண்டும் வேறு வேறு கணக்கு, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆங்கிலப் பத்திரிகையில் ஐரிஷ் விளம்பரம் போட்டால் முதல் கணக்கில் சேரும், இரண்டாவதில் சேராது. ரேடியோ நா கேல்டக்டா, டி.ஜி.4 தொலைக்காட்சி, டப்ளினின் ரேடியோ நா லைஃபா, 'டூரிஷ்க்' செய்தித்தளம் போன்றவற்றுக்குக் கொடுக்கும் பணம்தான் 5 சதவீதத்தில் வரும். மாதாமாதம் கணக்கு எழுதாத நிறுவனம் டிசம்பரில் விழித்துக்கொண்டு, யார் பார்ப்பார் என்ற கவலையே இல்லாமல் சின்னச் சின்ன இணைய விளம்பரங்களைக் கொட்டி எண்ணிக்கையை நிரப்பும். மொழிச் சட்டத்தைக் கண்காணிக்கும் மொழி ஆணையருக்குக் கொடுக்கும் அறிக்கை அழகாக இருக்கும். ஐரிஷ் பேசுகிற குடும்பத்துக்குக் கண்காட்சி இருப்பதே தெரிந்திருக்காது.

யாருக்காக எழுதுகிறோம் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர்கள் 18,73,997 பேர். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 71,968 பேர் மட்டுமே. அதாவது சுவர்க் குறிப்பைப் படிக்கக்கூடியவர்களில் பெரும்பாலானோர் பள்ளியில் கற்ற ஐரிஷை மறந்தும் மறக்காமலும் வைத்திருப்பவர்கள். நீண்ட ஆங்கில வாக்கியத்தை அப்படியே ஐரிஷாக்கினால் அவர்கள் இரண்டாவது வரியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். வாக்கியத்தை உடைத்து எழுத ஐரிஷ் எழுத்தாளருக்கு உரிமை கொடுங்கள். தகவல் ஒன்றாக இருந்தால் போதும், வாக்கிய எண்ணிக்கை பொருந்த வேண்டியதில்லை. கேல்ஸ்கோல் எனப்படும் ஐரிஷ் வழிப் பள்ளிகளுக்கான பயிற்சித்தாளை நேராக ஐரிஷிலேயே எழுத வைப்பது இன்னும் நல்லது.

சமூக ஊடகத்தில் ஒரே பதிவில் இரண்டு மொழியும் போட்டு ஐரிஷைக் கீழே வைத்தால், 'மேலும் படிக்க' அதை விழுங்கிவிடும். ஐரிஷை மேலே வைத்து இரண்டு வரியில் முடியுங்கள்.

மார்ச் 1 முதல் 17 வரை ஐரிஷ் மொழி வாரம், பெயரில்தான் வாரம். அந்த நாட்களில் மட்டும் ஐரிஷ் வழிகாட்டிச் சுற்று வைத்துவிட்டு மற்ற பதினோரு மாதமும் மௌனமாக இருப்பதைவிட, மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரே ஒரு சுற்று வைப்பது எவ்வளவோ மேல். நான்கு பேர் வந்தாலும் நடத்த வேண்டும். ரத்தானால் அந்த நான்கு பேரும் திரும்ப வர மாட்டார்கள். ஐரிஷ் பேசுவோர் சட்டையில் குத்திக்கொள்ளும் 'ஃபாஞ்யா' என்ற சிறு வளைய முத்திரையை ஊழியர்களுக்குக் கொடுப்பதும் நல்லதுதான், அவர்கள் எந்த நேரம் பணியில் இருக்கிறார்கள் என்பது பணிப் பட்டியலில் தெரிந்தால்.

தேசிய ஓவியக்கூடத்தில் ஃபிரெடரிக் வில்லியம் பர்ட்டன் 1864இல் வரைந்த நீர்வண்ண ஓவியம் ஒன்று உண்டு. கோபுரப் படிக்கட்டில் பிரியும் காதலர்கள். வெளிச்சம் பட்டால் நிறம் வெளுக்கும் என்பதால் வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே மக்களுக்குக் காட்டுகிறார்கள். இப்படிப்பட்ட ஒன்றுக்குக் காட்சி நேரம் மாறினால் இணையதளம், வாசல் பலகை, டிக்கெட் பக்கம், தொலைபேசிப் பதிவு என நான்கு இடத்திலும் இரண்டு மொழியிலும் ஒரே நாளில் மாற்ற வேண்டும். நாள், நேரச் சொற்களை முன்கூட்டியே சரிபார்த்த ஐரிஷ் வார்ப்புருவாக வைத்திருந்தால், மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருக்காமல் வரவேற்பறை ஊழியரே மாற்றிவிடலாம்.