உயர்ஸ்தானிகர் பதவி தூதுவர் பதவிக்குக் கீழானதல்ல
தூதுவராக இருந்தவரை அடுத்ததாக உயர்ஸ்தானிகராக அனுப்புவது பதவியிறக்கம் என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கிளிநொச்சியில் பொது அறிவுப் பரீட்சைக்குப் படிக்கும் எங்கள் பிள்ளைகளும் இதை அப்படியே பகிர்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டும் ஒரே தரம். பொதுநலவாய நாடுகள், அதாவது பெரும்பாலும் முன்பு பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த நாடுகள், தமக்குள் அனுப்பிக்கொள்பவர் உயர்ஸ்தானிகர். மற்ற நாடுகளுக்குப் போனால் அவரே தூதுவர். பெயரை முடிவுசெய்வது அவர் போகும் நாடுதான், அவருடைய தகுதி அல்ல.

ஷேர்லி அமரசிங்கவைப் பாருங்கள். 1963 முதல் 1967 வரை புதுடில்லியில் இலங்கை உயர்ஸ்தானிகர். அதே காலத்தில் நேபாளத்துக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் தூதுவர். ஒரே ஆள், ஒரே நேரத்தில், இரண்டு பெயர்! பிறகு 1976இல் ஐ.நா. பொதுச்சபைக்கே தலைவரானார்.

ஐ.நா. இணையத்தளத்தில் பொதுச்சபையின் முன்னாள் தலைவர்கள் பகுதியில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு இருக்கிறது. 1961ஆம் ஆண்டு வியன்னா இராஜதந்திர உறவுகள் உடன்படிக்கையின் 14ஆம் உறுப்புரையையும் வாசியுங்கள்: தூதுவர்களோடு 'சம தரமுள்ள ஏனைய தூதரகத் தலைவர்களும்' ஒரே வகுப்பில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். தம்பி, வாசித்தபின் பதிவைத் திருத்திவிடுங்கள்.