அது முள்முடியின் முள் அல்ல

அப்போஸ்தலர் 26:14இல் சவுலிடம் (பின்னாளில் பவுல்) இயேசு சொல்லும் "முள்ளில் உதைக்கிறது உனக்குக் கடினமாம்" என்ற வரியில் வரும் முள், இயேசுவுக்குச் சூட்டிய முள்முடியைக் குறிப்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் ஒரு சிறு திருத்தம்.

கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் மூலச்சொல் அதற்கு இடம் தரவில்லை. அங்கே உள்ள கிரேக்கச் சொல் கென்ட்ரோன். உழவு மாட்டை ஓட்டும் தார்க்குச்சியின் இரும்பு முனை. குத்துப்பட்ட மாடு கோபத்தில் பின்னங்காலால் உதைக்கும். உதைத்த வேகத்திலேயே முனை இன்னும் ஆழமாக இறங்கும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் ஆகாது. தேவசித்தத்தை எதிர்த்து, இயேசுவைப் பின்பற்றியவர்களைப் பிடிக்கத் தமஸ்குவுக்குப் போய்க்கொண்டிருந்த சவுலின் நிலைமை அதுதான்.

முள்முடிக்கு மத்தேயு 27:29இல் வரும் சொல் அகாந்தா, அதாவது முட்செடி. தமிழில் இரண்டுக்குமே 'முள்' என்று வந்துவிட்டதால்தான் இந்தக் குழப்பம். எழுதியவரைக் குறை சொல்ல முடியாது.

சரிபார்க்கக் கிரேக்கம் தெரிய வேண்டியதில்லை. ஸ்ட்ராங் எண்கள் (ஒவ்வொரு மூலமொழிச் சொல்லுக்கும் தரப்பட்ட எண்கள்) உள்ள எந்த வேதாகமச் செயலியிலும் இரண்டு வசனங்களையும் திறந்து, அந்தச் சொல்லைத் தொட்டுப் பாருங்கள். முதலாவது 2759, மற்றது 173. அப்புறம் 1 கொரிந்தியர் 15:55ஐயும் பாருங்கள்: "மரணமே! உன் கூர் எங்கே?" அந்தக் 'கூர்' இதே கென்ட்ரோன்தான். இதே சம்பவம் வரும் அப்போஸ்தலர் 9:5ஐ வைத்துத் தேடாதீர்கள். பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த இடத்தில் இந்த வரி இல்லை, பல புதிய மொழிபெயர்ப்புகளிலும் இருக்காது.