தேநீரை நிறுத்தினால் கடன் தீர்ந்துவிடுமா?

எங்கள் கோயில் வாட்சாப் குழுவில் சென்ற வாரம் ஓர் அறிவுரை வந்தது. நாள்தோறும் கடையில் குடிக்கும் தே தாரிக்கை, அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீரை, நிறுத்தினால் குடும்பக் கடன் தானாகக் குறையும் என்று அதில் எழுதியிருந்தார்கள். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் நான் குடிக்கும் தேநீரின் விலை 2 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு. மாதத்தில் 26 நாள் குடித்தாலும் 57 வெள்ளி 20 காசுதான் ஆகிறது. அதே மாதத்தில் என் காருக்கு நான் கட்டும் தவணை 548 வெள்ளி. அறிவுரை சொல்பவர்களின் கண்ணில் தேநீர்க் குவளை பட்டுவிடுகிறது. வாசலில் நிற்கும் கார் ஏனோ படுவதில்லை.

என் பெற்றோர் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். அந்த வாழ்க்கையைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, வெட்டாத நாளின் வருமானக் குறைவு அந்த மாதச் சம்பளத்திலேயே தெரிந்துவிடும். ஆனாலும் தோட்டத்து வரிசை வீடான லயத்து வீட்டுக்கு வாடகை கிடையாது, பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம், காய்ச்சல் என்றால் தோட்டத்து மருந்தகம் இருந்தது, அடுப்புக்குக் காய்ந்த ரப்பர் விறகு இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்தை விட்டு நாங்கள் பட்டணத்துத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, குடிவந்தபோது, இவை ஒவ்வொன்றும் மாதக் கட்டணமாக மாறின. வீட்டு வாடகை, தண்ணீர், மின்சாரம், பிள்ளை பார்ப்பவருக்கான சம்பளம், பள்ளி வேன், எரிவாயு என்று எல்லாவற்றுக்கும் பணம் எண்ண வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கைப் பார்க்காமல், இன்றைய தலைமுறை ஊதாரித்தனமாகச் செலவழிக்கிறது என்று பெரியவர்கள் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் சொல்வது பாதி உண்மை என்பதால் அந்தக் கோபம் கூடுகிறது.

அந்த உண்மையான பாதி என் வீட்டிலேயே இருந்தது. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வங்கியிலிருந்து வந்த ஒரு கடிதத்தை என் மனைவி பிரித்துப் பார்த்துவிட்டார். “மொத்தம் எவ்வளவுங்க?” என்று கேட்டார். “தெரியாது” என்றேன். அது பொய்யில்லை என்பதுதான் வெட்கக்கேடு. அன்றிரவு பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு, யாருக்கு, எவ்வளவு பாக்கி, மாதம் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று நான்கு வரிசையாக எழுதினோம். காருக்கு ஏறத்தாழ 33,000 வெள்ளி, தம்பியின் திருமணத்துக்காக என் பெயரில் எடுத்த தனிநபர் கடனில் 11,000, இரண்டு கடன் அட்டைகளிலும் சேர்த்து 8,000, அம்மாவின் வளையல்களும் என் மனைவியின் சங்கிலியும் இருந்த அடகுக்கடையில் 3,500. மகள் பிடிபிடிஎன் என்ற அரசு நிதியிலிருந்து எடுத்த கல்விக் கடனும் அந்தத் தாளில் ஏறியது.

நான்காவது வரிசைதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. அடகுக்கடை என்றால் நம் வீடுகளில் அது கடன் என்றே யாரும் நினைப்பதில்லை. நகை பத்திரமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று பேசிக்கொள்வோம். ஆனால் மாதம் 2 விழுக்காடு என்பது ஆண்டுக்கு 24 விழுக்காடு. கடன் அட்டைக்கே 18 விழுக்காடுதான். மகளின் கல்விக் கடனுக்கோ ஆண்டுக்கு 1 விழுக்காடு. பிள்ளையின் பெயரில் கடன் நிற்கக் கூடாது என்ற பாசத்தில், 1 விழுக்காட்டுக் கடனுக்கு மாதாமாதம் கூடுதலாகக் கட்டிக்கொண்டு, 24 விழுக்காட்டுக் கடனைத் தூங்கவிட்டிருந்தோம். கடனைப் பாசத்தாலும் மானத்தாலும் வரிசைப்படுத்தினால் இப்படித்தான் ஆகும். வட்டியால் வரிசைப்படுத்த வேண்டும் என்பது எங்களுக்கு அன்றுதான் உறைத்தது.

நகையை முதலில் மீட்டோம். அந்த ஆண்டு மே 11 முதல் ஊழியர் சேமநிதியில் மூன்றாவதாக ஒரு கணக்கு வந்தது. மாதச் சந்தாவில் 10 விழுக்காடு அதில் சேரும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதிலிருந்து எடுத்துத்தான் நகையை மீட்டோம். ஓய்வுக்கால நிதியைத் தொடவே கூடாது என்று நண்பர்கள் கண்டித்தார்கள். கைப்பேசி வாங்கவோ சுற்றுலாப் போகவோ எடுத்திருந்தால் அந்தக் கண்டிப்பை நான் ஏற்றிருப்பேன். ஆனால் 2024-ஆம் ஆண்டுக்குச் சேமநிதி கொடுத்த ஈவு 6.30 விழுக்காடு, நான் அடகுக்கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது 24. மாதம் 70 வெள்ளி வட்டி அன்றோடு நின்றது.

அடுத்தது கடன் அட்டை. இதை எல்லாரும் ஒருமுறை பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். 8,000 வெள்ளி பாக்கிக்குக் குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, அதாவது 400 வெள்ளி. அதில் ஏறத்தாழ 120 வெள்ளி வட்டிக்கே போய்விடும். பாக்கி குறையக் குறையக் கேட்கும் தொகையும் குறைந்து, கடைசியில் 50 வெள்ளியில் வந்து நிற்கும்; நாமும் மகிழ்ச்சியோடு குறைத்துக் கட்டுவோம். இப்படிக் கட்டினால், புதிதாக ஒரு காசுகூடச் செலவழிக்காவிட்டாலும், கடன் தீர ஆறரை ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் முதல் மாதம் கட்டிய அதே 400 வெள்ளியை, அறிக்கையில் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும், மாறாமல் கட்டிக்கொண்டே வந்தால் ஏறத்தாழ 24 மாதத்தில் முடிந்துவிடும். கூடுதலாகச் சம்பாதிக்கத் தேவையில்லை, முதல் மாதம் முடிந்ததை எல்லா மாதமும் செய்தால் போதும். பத்தாண்டாக அட்டை வைத்திருந்த எனக்கு இது தெரியாமல் இருந்தது.

கார் விஷயத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. 2020-இல் 45,000 வெள்ளிக் கடன், ஆண்டுக்கு 3.5 விழுக்காடு, 9 ஆண்டு. விற்பனையாளர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதுதான். நானும் மாதத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். மொத்த வட்டி 14,175 வெள்ளி. இந்த 3.5 விழுக்காடு முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி ஆண்டு வரை போடப்படுவதால், உண்மையான வட்டி ஆண்டுக்கு 6 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அதே கடன் 5 ஆண்டுக்கு என்றால் வட்டி 7,875 வெள்ளிதான், ஆனால் தவணை 881 வெள்ளி ஆகியிருக்கும். அந்த 881-ஐ என்னால் கட்ட முடியாது என்றால், அந்தக் காரை என்னால் வாங்க முடியாது என்றுதானே பொருள்? விற்றால் கிடைக்கும் விலை பாக்கியைவிடக் குறைவாக இருந்ததால் வைத்துக்கொண்டோம்.

ஈப்போவுக்குப் போய், கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே அமைப்பின் ஆலோசகரையும் பார்த்தோம். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் ஏற்படுத்திய அமைப்பு அது. ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. தவணை கட்ட முடியாத நிலையில் இருப்பவர்களுக்காக வங்கிகளோடு பேசி, எல்லாக் கடனையும் ஒரே மாதத் தொகையாக மாற்றித் தருகிறார்கள். எங்கள் தாளைப் பார்த்துவிட்டு, திட்டத்தில் சேராமலே சமாளிக்கலாம் என்றார் ஆலோசகர். அங்கே போவதை அவமானமாக நினைக்கும் நம்மவர்கள், உரிமமில்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டு வர மட்டும் தயங்குவதில்லை. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர்கூட அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. ஆலோங் அதை இரண்டே மாதத்தில் வாங்கிவிடுவான்.

கூட்டுப் பணத்தை, அதாவது சீட்டுப் பிடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், சிலருக்குப் பிடிக்காது என்றாலும். பத்துப் பேர் மாதம் 300 வெள்ளி போட்டு ஒருவர் எடுப்பது நமக்குப் பழக்கமான சேமிப்பு. அந்தச் சொல்லே நம்முடையது, நாட்டின் சட்டப் புத்தகத்திலும் அதே பெயரில்தான் இருக்கிறது. ஆனால் 1971-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் கூட்டுத் தொழிலைத் தடை செய்வதற்காக வந்தது. கூட்டுப் பிடித்தவர் ஒருமுறை ஊரை விட்டுப் போனபோது, என் மனைவி நான்கு மாதப் பணத்தை இழந்தார். எங்கே போய் முறையிடுவது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

செலவுக் குறைப்பு என்று பார்த்தால் தொலைக்காட்சிச் சந்தாவை நிறுத்தினோம், கைப்பேசித் திட்டங்களை மாற்றினோம், இவை ஒரே நாளில் முடிந்த வேலை. கடினமாக இருந்தது மொய்தான். ஓர் ஆண்டில் எங்களுக்கு வந்த அழைப்பிதழ்கள் 16. ஒவ்வொன்றுக்கும் 50-க்குக் குறையாமல் உறையில் வைத்து, அதற்குப் புடவையும் பெட்ரோலும் சேர்ந்தால், மண்டபத்துக்குப் போய்வருவதே ஒரு தவணை ஆகிவிடுகிறது. சபையில் குறைவாக எழுதினால் என்ன நினைப்பார்கள் என்ற அச்சம் எனக்கு என் மனைவியைவிட அதிகம். அவர்தான் துணிந்து, நெருங்கிய உறவுக்கு 50, மற்றவர்களுக்கு 20 என்று முடிவு செய்தார். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். ஒருவர் மட்டும் தனியாக அழைத்து, “நாங்களும் அப்படியே வைத்துக்கொள்கிறோம் அக்கா” என்றாராம்.

என் பாட்டியின் தகரப் பெட்டியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் ஒன்று இருந்தது. எங்கள் ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் தொடங்கிய சங்கம் அது. நாள்கூலி வாங்கியவர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டு, அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது; ஆனால் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டால், தெரியாது என்று அவர் சொல்லியிருக்க மாட்டார்.

அட்டைக் கணக்கில் இன்னும் 3 தவணை பாக்கி. கார் 2029 வரை ஓடும், தம்பியின் திருமணக் கடனும் இன்னும் என் சம்பளத்தில்தான் போகிறது. அவனுடைய பிள்ளைக்குக் காதுகுத்து என்று நேற்று அழைப்பிதழ் வந்திருக்கிறது. என் மனைவி அதை நாள்காட்டித் தாளோடு சேர்த்து ஊசியில் குத்தி வைத்திருக்கிறார். உறையில் எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை.