இறால் குட்டையும் பக்கத்து வயலும்

இராமநாதபுரம் கரையோரத்தில் தரிசாகக் கிடக்கும் நிலங்கள் இறால் பண்ணைகளாக மாறினால் உழவர் வருமானம் உயரும் என்று அண்மையில் படித்த ஒரு கட்டுரை கூறுகிறது. நிலத்தை விற்றவருக்கும் குத்தகைக்கு விட்டவருக்கும் அது பொருந்தலாம். பக்கத்தில் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவரின் இழப்பு அந்தக் கணக்கில் சேர்க்கப்படவே இல்லை.

நம் மாவட்டத்தில் புரட்டாசியை ஒட்டி நேரடியாக விதைக்கும் நெல், வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய் நீரையும் நம்பியே விளைகிறது. கோடையில் மேலேறும் உப்பைக் கரைத்து வெளியேற்றுவதும் அந்த மழைதான். ஆனால் மாதக்கணக்கில் உவர்நீர் தேங்கும் குட்டை அருகில் அமைந்துவிட்டால், கசியும் நீர் வரப்பைக் கடந்து வேர் மட்டத்தில் உப்பைச் சேர்த்துக்கொண்டே இருப்பதால், ஒரு பருவத்து மழை அதைக் கழுவப் போதுவதில்லை. கண்மாய் நிரம்பி வழியும் நீரைக் கொண்டுபோகும் மறுகால் ஓடையைக் குட்டைக் கரைகள் மறிக்கும் இடங்களிலோ மழை மிகுந்த ஆண்டிலும் பயிர் நீரில் அழுகுகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயும் உவர் ஏறிய மண்ணில் தழைக்காது.

தரிசு என்று கட்டுரை ஒதுக்கும் நிலத்தில்தான் ஆடுகள் மேய்கின்றன. இரவில் அவற்றை வயலில் அடைத்து வைக்கும் கிடைதான் வயலுக்கு எரு.

விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரிலேயே தீர்ப்பளித்தது. ஆகவே அனுமதி வழங்கும் முன், வருவாய்ப் பதிவேட்டை மட்டும் பார்க்காமல், சுற்றியுள்ள வயல்களின் உப்பளவையும் ஓடைகளின் போக்கையும் நேரில் ஆராய்ந்து, பட்டா இல்லாமல் விளைச்சலில் பங்குக்குப் பயிரிடும் வாரதாரர்களையும் கலந்து பேச வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தை வேண்டுகிறேன்.