தண்ணீர் கணக்கு காற்றுக்குச் செல்லாது

ரைஸ் மில்லில் கம்ப்ரசர் காற்றைக் கொண்டுபோக பிவிசி பைப் போடலாமா என்ற பேச்சு ஓடுகிறது. "பைப்பில் 10 கிலோ (ஒரு சதுர சென்டிமீட்டருக்கான அழுத்தம்) என்று அடித்திருக்கிறது, கம்ப்ரசர் 8 கிலோதான் தருகிறது, பிவிசி தாராளமாகத் தாங்கும்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது தவறு அண்ணே. அந்த 10 கிலோ தண்ணீருக்கான கணக்கு. போர்வெல் லைனில் பைப் விரிசல் விட்டால் தண்ணீர் பீய்ச்சும், அழுத்தம் உடனே விழுந்துவிடும். காற்று அமுக்கி வைத்த ஸ்பிரிங் மாதிரி. உடைந்த நொடியில் அத்தனையும் விரிந்து பைப்பைக் கூரான சில்லுகளாகச் சிதறடிக்கும். பக்கத்தில் நிற்பவர் கண் போய்விடும்.

அப்புறம், வயலில் வைக்கோலைக் கொளுத்தி பைப் முனையை விரித்துச் சொருகுகிறோமே, அதையே ரைஸ் மில் கலர் சார்ட்டர் (நிறம் மாறிய அரிசியைக் காற்றால் ஊதிப் பிரிக்கும் மெஷின்) லைனிலும் செய்யலாம் என்றதைப் படித்துப் பதறிவிட்டேன். விரித்த இடம் மெலிந்திருக்கும். கம்ப்ரசர் காற்றோ சூடாக வரும், சூட்டில் பிவிசி பலம் இழக்கும். காற்று லைனுக்கு பிவிசி ஆபத்து என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 1988-லேயே எச்சரித்திருக்கிறது.

ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் போடுங்கள், மெஷின் பக்கம் ஏர் ஹோஸ் போதும். ஏற்கெனவே பிவிசி போட்டிருந்தால் கம்ப்ரசரை நிறுத்தி, டேங்க் காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகே அதைக் கழற்றுங்கள்.